கயிறா, கம்பியா?

சென்ற இதழில் “தூக்கா, ஆயுளா? எது சரி?” என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தோம். சங்கரன்கோவில் தபால் முத்திரையோடு வந்த கட்டைப் பார்த்து ஆசிரியர் மிரண்டுவிட்டார். ஆகவே இந்த இதழ் அந்த வட்டாரத்துக்கே.

விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்
கே: அண்ணாச்சி, சுத்தி வளைக்காம ஒத்தை வார்த்தையில சொல்லுங்க. தூக்கா, ஆயுளா?
ப: ஆயுள்.

டீக்கடைக்காரர், ரத வீதி, சங்கரன்கோவில்
கே: எங்க கடையில காலையில ஒரு கோஷ்டி ‘தூக்குல போடணும்’ங்கு. சாயங்காலம் ஒரு கோஷ்டி ‘கூடாது’ங்கு. ரெண்டுக்கும் பொதுவா ஒரு தீர்ப்பு உண்டா?
ப: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று நாக அரசர்கள் சங்கனும் பதுமனும் மல்லுக்கட்ட, கோமதி அம்மன் தவமிருக்க, சாமி வலப்பாதி சிவனாகவும் இடப்பாதி பெருமாளாகவும் வந்து நின்று வழக்கை முடித்த தலமல்லவா அது!

2008-இல் உச்ச நீதிமன்றமும் இப்படி ஒரு சங்கரநாராயணக் கோலம் காட்டியது. மனைவியை உயிரோடு புதைத்த சுவாமி சிரத்தானந்தா வழக்கு. தூக்கில் போட நீதிபதிகளுக்கு மனம் ஒப்பவில்லை. வெறும் ‘ஆயுள்’ என்று எழுதினால் சில வருடத்தில் வெளியே வந்துவிடுவாரோ என்ற பயம் வேறு. எனவே ‘சாகும்வரை சிறை, தண்டனைக் குறைப்பு கிடையாது’ என்று நடுவில் ஒன்றைப் படைத்தார்கள். 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ஏற்றது. அது நம்முடைய ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளின் விவகாரத்தில் வந்த தீர்ப்புதான். காலைக் கோஷ்டிக்குப் பாதி, மாலைக் கோஷ்டிக்குப் பாதி. வடையும் டீயும் விற்ற உங்களுக்கு முழுசு.

வாசகர், திருவேங்கடம்
கே: உடப்பன்குளம் வழக்குல நாலு பேருக்குத் தூக்குன்னு தீர்ப்பு வந்த அன்னைக்கு எங்க பக்கம் அதே பேச்சு. நீங்க வாயே திறக்கலையே?
ப: 2014-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் திருநெல்வேலி நீதிமன்றம் தண்டனை சொன்னது. எல்லாச் செய்தித்தாளிலும் ‘தூக்கு’ என்ற சொல்தான் தலைப்பில் பெரிசாக நின்றது. என் கண் போனது அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே உள்ள பத்து வருடத்துக்கு. சின்ன ஊரில் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட ஒருவர், பத்து வருடம் அந்தச் சாட்சியத்தைச் சுமந்துகொண்டு அதே கடைக்கும் அதே பஸ்ஸுக்கும் போய்வருவது எப்படி இருக்கும் என்று திருவேங்கடத்துக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டாம்.

இன்னொன்று. மாவட்ட அளவில் விதிக்கும் எந்தத் தூக்கும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் செல்லாது. அன்றைக்கு நீங்கள் கேட்டது முதல் படியின் சத்தம்.

கல்லூரி மாணவி, மேலநீலிதநல்லூர்
கே: ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்தானே? பகலை ஒரு நாள், ராத்திரியை ஒரு நாள்னு எண்ணுவாங்க, அதனால ஏழே வருஷம்தான்னு எங்க தாத்தா சொல்றாரு.
ப: தாத்தாவின் கணக்கு தமிழ்நாடு முழுக்கப் பிரபலம், சட்டப் புத்தகத்தில் மட்டும் கிடையாது. ஆயுள் என்றால் ஆயுள், கடைசி மூச்சு வரை. 1961-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. யாருடைய வழக்கில் தெரியுமா? காந்தி கொலையில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே, ‘என் கணக்கு முடிந்தது, விடுங்கள்’ என்று போட்ட மனுவில். நாதுராமின் தம்பி.

14 என்பது 1978-இல் சேர்ந்த எண். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் வாங்கியவரை, 14 வருடம் முடியாமல் அரசு விடக் கூடாது என்பதற்காக வந்தது. அதாவது அது கதவு திறக்கும் நாள் அல்ல. கதவைத் தட்டலாம் என்கிற நாள். தட்டினால் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

‘அப்படியானால் கோபால் கோட்சே உள்ளேயே இறந்தாரா?’ என்று தாத்தா கேட்பார். இல்லை. 1964-இல் அரசே விடுவித்தது. தாத்தாவிடம் இதைச் சொல்லாதீர்கள், ஜெயித்துவிடுவார்.

மளிகைக்கடைக்காரர், சிவகிரி
கே: ‘இரட்டை ஆயுள்’னு போடுதாங்களே, ஒரு ஆயுளை முடிச்சிட்டுச் செத்து, மறுபடி பொறந்து வந்து அடுத்ததை அனுபவிக்கணுமா?
ப: நம் ஜில்லாவின் மிகப் பெரிய இரட்டை ஆயுள் வ.உ.சி.க்குக் கிடைத்தது. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, ராஜத்துரோகத்துக்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு ஒன்று என இரண்டு ஆயுள் தீவாந்தரம் விதித்தார். இருபதும் இருபதும் நாற்பது. மேல்முறையீடுகளில் குறைந்து, 1912 டிசம்பரில் சிறையை விட்டு வந்தார். அவர் விட்ட கப்பல் அதற்குள் கைமாறிப் போயிருந்தது.

இன்றைய சட்டத்தில் உங்கள் சந்தேகத்துக்கு 2016-இல் பதில் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில், ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க முடியாது, சேர்ந்தே ஓட வேண்டும் என்றது அரசியல் சாசன அமர்வு. மனிதனுக்கு உயிர் ஒன்றுதான் என்று அறிவிக்க ஐந்து நீதிபதிகள் தேவைப்பட்டார்கள்.

ஆசிரியை, கரிவலம்வந்தநல்லூர்
கே: ஆயுளே போதும் என்கிறீர்கள். தலைவர்களின் பிறந்தநாள் வந்தால் கும்பலாகத் திறந்துவிடுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
ப: டீச்சர், வந்த கட்டிலேயே இதுதான் கஷ்டமான கேள்வி.

2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. ஏழு வருடம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேரைத் தமிழக அரசு ஒரே வீச்சில் விடுவித்தது. ஆளுநரின் 161-ஆவது பிரிவு அதிகாரத்தில் செய்தால் அந்த 14 வருடக் கட்டுப்பாடு குறுக்கே வராது. விடுதலை தவறு என்று சொல்ல மாட்டேன். அதில் எத்தனையோ பேர் திருந்தி, கூனிப்போய், வீட்டு வாசலே மறந்து போனவர்கள்.

ஆனால் மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30. தனித் தொகுதியில் ஜெயித்துப் பஞ்சாயத்துத் தலைவரான முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும், பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். பதினேழு பேருக்கு ஆயுள். அதில் மூன்று பேர் 2008 அண்ணா கணக்கில் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் கணக்கில் 13 பேர். எந்தத் தலைவரின் நூற்றாண்டுக்கும் மேலவளவுக்கும் என்ன சம்பந்தம்? அதே தமிழ்நாட்டில் ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் 31 வருடம் உள்ளே இருந்தார். ஒருவருக்கு ஏழு வருடத்தில் திறக்கும் கதவு, இன்னொருவருக்கு முப்பது தாண்டியும் திறக்கவில்லை என்றால், பூட்டை இயக்குவது சட்டமா, சாதியா, தேர்தலா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ஊர் ‘தூக்கில் போடு’ என்று கத்துவதில் பாதி, ரத்த வெறி அல்ல என்பது என் கட்சி. ‘ஆயுள் என்று சொல்லி ஏமாற்றிவிடுவீர்கள்’ என்ற பயம் அது. கயிற்றைக் கைவிடச் சொல்கிறவர்கள் முதலில் கம்பியை நம்பும்படி செய்ய வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, காரணத்தை எழுதி, கொலையுண்டவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு, அதன்பின் விடட்டும். மாலை மரியாதை இல்லாமல்.

எலுமிச்சை வியாபாரி, புளியங்குடி
கே: கொலைகாரனுக்கு நம்ம வரிப்பணத்துல மூணு வேளை சோறு எதுக்கு? கயித்துக்கு எம்புட்டுச் செலவாயிரும்?
ப: கயிறு மலிவுதான். கயிறு வரைக்கும் போவதுதான் செலவு. கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்ற உறுதி, உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, கருணை மனு, கருணை மனு தாமதமானது என்று இன்னொரு வழக்கு. இந்தப் படிக்கட்டு முழுக்க வக்கீல்களும் காவலர்களும் நிற்கிறார்கள், உங்கள் வரிப்பணத்தில்.

ஆயுள் கைதி வேலை செய்கிறார். அவர் கூலியில் ஒரு பங்கு பராமரிப்புக்கும், ஒரு பங்கு பாதிக்கப்பட்டோர் நிதிக்கும் பிடித்தம். பாளையங்கோட்டை சிறைத்துறை பங்க்கில் லோடு வண்டிக்கு டீசல் போட்டிருக்கிறீர்களா? போட்டுவிட்டவர் கைதியாக இருக்கலாம். சில்லறை சரியாகத் தந்திருப்பார்.

பூ வியாபாரி, சங்கரன்கோவில்
கே: தமிழ்நாட்டுல கடைசியா யாரைத் தூக்குல போட்டாங்க?
ப: ஆட்டோ சங்கர். 1995 ஏப்ரல் 27, சேலம் மத்திய சிறை. அதன்பின் இந்த மாநிலத்தில் தீர்ப்புகள் உண்டு, தூக்கு இல்லை. அவருடைய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்டியதில்தான் 1994-இல் உச்ச நீதிமன்றம் தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அது பாடம். ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என்று பேராசிரியர் சொல்லும்போது பின் பெஞ்சு முழித்துக்கொள்ளுமாம்.

சட்ட மாணவர், சங்கரன்கோவில்
கே: தூக்குத் தண்டனை எழுதியதும் நீதிபதி பேனா முள்ளை உடைப்பது ஏன்?
ப: வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஒரு உயிரை எடுத்த பேனா இன்னொன்றை எழுதக் கூடாது என்கிறார்கள். சட்டத்தில் எங்கும் கிடையாது. இப்போது தீர்ப்பைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். கீபோர்டை உடைத்தால் ஆடிட் அப்ஜெக்‌ஷன் வரும்.

அதே மாணவர்
கே: ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்றால் என்ன அளவுகோல்?
ப: 1955 வரை, கொலைக்குத் தூக்கு விதிக்காவிட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973 சட்டம் அதைத் தலைகீழாக்கியது: தூக்கு விதித்தால் விசேஷக் காரணம் சொல். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து பேரில் நான்கு நீதிபதிகள், ‘அரிதினும் அரிதானதில் மட்டும்’ என்றார்கள். ‘இது நீதிபதிக்கு நீதிபதி மாறும், வேண்டாம்’ என்று ஒற்றை ஆளாக மறுத்தவர் பகவதி.

யார் சொன்னது நடந்தது என்று உடுமலை சங்கர் ஆணவக் கொலை வழக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் சங்கரின் மனைவி கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்தத் தந்தையை விடுதலையே செய்தது. மற்ற ஐவருக்குக் குறைந்தது 25 வருடச் சிறை. ஒரே கட்டு, ஒரே சாட்சிகள். ஒரு கட்டடத்தில் கயிறு, அடுத்த கட்டடத்தில் விடுதலை. 2022-இல் மட்டும் நாடு முழுக்கக் கீழ் நீதிமன்றங்கள் விதித்த தூக்கு 165. 2000-இலிருந்து இன்றுவரை உண்மையில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டு பேர். அரிதினும் அரிது எது என்று இப்போது புரிகிறதா?

இல்லத்தரசி, சங்கரன்கோவில்
கே: பச்சைப் பிள்ளைகளைச் சீரழித்துக் கொன்றவனுக்குமா உங்கள் ஆயுள்? அவனை ஒரு மாதத்தில் தூக்கில் போட்டால் என்ன?
ப: அம்மா, உங்கள் கோபத்தைக் குறைக்க நான் யார்? ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

2017 பிப்ரவரியில் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி. தமிழ்நாடே கொதித்தது. ஒரே வருடத்தில், 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நீங்கள் கேட்கும் வேகம் கிட்டத்தட்ட இதுதான். எல்லோரும் கை தட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி, தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு முறையான வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் சொன்னது.

இதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, அவர் செய்யவில்லை. அப்படியானால் நாம் ஒரு நிரபராதியை ஏழு வருடம் கயிற்றுக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தோம். அல்லது, அவர்தான் செய்தார். அப்படியானால் அவசரத்தில் கோட்டை விட்ட விசாரணை அவரை வெளியே அனுப்பியது. எது உண்மையானாலும் தோற்றது அந்தப் பிள்ளையின் வீடு. ‘தூக்கு தூக்கு’ என்று நாம் கத்திய சத்தத்தில் தடயம் ஒழுங்காகச் சேகரித்தார்களா, சட்ட உதவி வக்கீலுக்கு நேரம் கொடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் குற்றத்துக்குச் சாகும்வரை சிறை என்று எழுதுங்கள், என் கையெழுத்தும் சேர்த்து. தப்பாகப் போனால் திறந்துவிடச் சாவி இருக்கும்.

ஆட்டோ ஓட்டுநர், ராஜபாளையம்
கே: கோர்ட்டும் வேண்டாம், கயிறும் வேண்டாம். என்கவுன்டர்! என்ன சொல்றீங்க?
ப: 2010-இல் கோவையில் இரண்டு பிள்ளைகளைக் கடத்திக் கொன்ற வழக்கில் ஒருவரைப் போலீஸ் சுட்டது. ஊர் பட்டாசு வெடித்தது. கூட்டாளிக்கு வழக்கு நடந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. அங்கேயும் மூவரில் ஒரு நீதிபதி ஆயுளே போதும் என்றார். கோர்ட்டுக்குப் போனவரின் குற்றம் நிரூபிக்கப்பட்டு ஏட்டில் நிற்கிறது. சுடப்பட்டவருடையது போலீஸ் சொன்ன கதையாக நிற்கிறது. இன்னொன்று: ராத்திரி பதினோரு மணிக்கு சவாரி முடித்து வரும்போது போலீஸ் உங்களை நிறுத்தினால், ‘விசாரிச்சுப் பாருங்க சார்’ என்றுதானே சொல்வீர்கள்?

தமிழாசிரியர் (ஓய்வு), சங்கரன்கோவில்
கே: வள்ளுவர் உங்கள் கட்சியா, எதிர்க்கட்சியா?
ப: ‘செங்கோன்மை’யின் கடைசிக் குறளில் கொடியவர்களைக் கொலையால் தண்டிப்பதைக் களையெடுப்பு என்கிறார். ‘கொல்லாமை’ என்று ஓர் அதிகாரம் முழுக்கவும் அவரே எழுதியிருக்கிறார். ஐயா, சங்கனும் பதுமனும் உங்கள் ஊரில் மட்டுமில்லை.

என் ஓட்டு இளங்கோவடிகளுக்கு. திருடனென்று பொற்கொல்லன் சொன்ன வாய்ச்சொல்லை நம்பி, விசாரணை இல்லாமல் கோவலனை வெட்டச் சொன்ன பாண்டியன், உண்மை தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். நம் காலத்தில்? 1996-லும் 97-லும் ராஜஸ்தான்காரர்கள் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ராவ்ஜியின் தீர்ப்பே சட்டப்படி தவறானது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் இதைச் சுட்டிக்காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். யாரும் சிம்மாசனத்திலிருந்து விழவில்லை.

வாசகர், நெற்கட்டும்செவல்
கே: தூக்கிலிருந்து தப்பிய எங்க ஊர்க்காரர் யார் சொல்லுங்க பாப்போம்?
ப: பூலித்தேவர்! கும்பினிப் படை பிடித்துக் கொண்டுபோகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டு உள்ளே போனவர், திரும்பி வரவே இல்லை என்பது உங்கள் பக்கத்து நம்பிக்கை. கோயிலுக்குள் அந்த இடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பானர்மன் துரையே குற்றம் சாட்டியவர், அவரே விசாரித்தவர், அவரே தீர்ப்பு. கயிறும் புளியமரமும் தயாராக நின்றன. இந்த அவசரத்துக்குப் பேர்தான் அக்காலத்து ஃபாஸ்ட் டிராக்.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர், குருவிகுளம்
கே: தண்டனை பயங்கரமாக இருந்தால்தானே குற்றம் குறையும்?
ப: உங்கள் பக்கத்திலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்தச் சமஸ்தானம் 1944-இல் தூக்கை நிறுத்தியது. இந்திய யூனியனோடு சேர்ந்து இந்தியச் சட்டம் வந்தபின்தான் கயிறு திரும்பியது. அந்தச் சில வருடங்கள், செங்கோட்டையில் கொலை செய்தால் உயிருக்கு ஆபத்தில்லை, தென்காசியில் செய்தால் கயிறு! வெட்ட நினைத்தவரெல்லாம் எதிராளியைச் செங்கோட்டைக்கு வரச்சொல்லி வெட்டியிருக்க வேண்டுமே? அப்படியொன்றும் நடக்கவில்லை. கயிறு இல்லாத வருடங்களிலும், திரும்ப வந்த வருடங்களிலும் திருவிதாங்கூரில் கொலைகள் ஏறக்குறைய அதே அளவு.

நம்மூர்க் கொலைகளை நினைத்துப் பாருங்கள். வரப்புத் தகராறு, குடிபோதை, சாதித் திமிர். அரிவாளை எடுத்தவன் எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்றா யோசிக்கிறான்? மாட்டிக்கொள்வோமா என்று வேண்டுமானால் யோசிப்பான். அங்கேதான் கை வைக்க வேண்டும்.

மீனவர் வீட்டுப் பெண், சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவர்
கே: இலங்கையில தூக்குத் தண்டனை இருக்கா?
ப: ஏட்டில் இருக்கிறது. 1976-க்குப் பிறகு யாரையும் போடவில்லை. 2014 அக்டோபர் 30-இல் கொழும்பு உயர் நீதிமன்றம், போதைப்பொருள் கடத்தியதாக நம் ராமேசுவரம் பக்கத்து மீனவர் ஐந்து பேருக்கு அதை விதித்தபோது நம் கரை எரிந்தது நினைவிருக்கும். மூன்றே வாரத்தில் ராஜபக்ச பொதுமன்னிப்பு. டெல்லியும் கொழும்பும் போனில் பேசிக்கொண்டால் கழுத்துக் கயிறு எவ்வளவு சீக்கிரம் அவிழ்கிறது!

மறுபக்கமும் உண்டு. 2000-இல் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற ராணுவச் சிப்பாய்க்கு 2015-இல் மரண தண்டனை விதித்தார்கள். 2020 மார்ச்சில் கோத்தபய அவரை மன்னித்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அங்கேயும் தூக்குக்கும் விடுதலைக்கும் நடுவே நம்பத்தக்க ஆயுள் என்று ஒன்று இல்லாமல் போனதுதான் விஷயம்.

போஸ்ட்மேன், சங்கரன்கோவில்
கே: கருணை மனுவைப் பொறுத்தவரை தமிழ்க் குடியரசுத் தலைவர்கள் எப்படி?
ப: ஆர். வெங்கடராமன் நிராகரித்தவை நாற்பதைத் தாண்டும். அப்துல் கலாம் காலத்தில் தூக்கு ஒன்றே ஒன்று, 2004-இல் கொல்கத்தாவில். பதவி முடிந்தபின், 2015-இல் சட்ட ஆணையம் கருத்துக் கேட்டபோது, ஒழித்துவிடலாம் என்று சொன்ன மிகச் சிலரில் கலாமும் ஒருவர். தன் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஏழைகளின் மனுக்கள் என்று கண்டவர் அவர். ஒரு வருடம் கழித்து டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக ஆய்வு அதற்கு எண் கொடுத்தது: தூக்குக் கைதிகளில் 74 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்.

உங்கள் துறைக்கும் இதில் பங்குண்டு. ஒரு காலத்தில் தூக்கை நிறுத்தும் உத்தரவு தந்தியில்தான் வரும்.

பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்
கே: உங்க வீட்ல ஒரு கொலை விழுந்தா இப்படி எழுதுவீங்களா?
ப: தெரியாது. எழுதாமலும் போகலாம். ஆனால் வீட்டில் கொலை விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள் என்று நாம்தான் முடிவு கட்டிவிட்டோம். காந்தியின் மகன்கள் மணிலாலும் ராமதாஸும் கோட்சேயைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டார்கள். 1949-இல் அரசு தூக்கிலிட்டது. ராஜீவ் கொலை வழக்கில் நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்றார் ராஜீவின் மனைவி சோனியா. 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. ராஜீவ் கொல்லப்பட்ட அதே ஸ்ரீபெரும்புதூரில் படுகாயமடைந்த பெண் காவல் அதிகாரி, அந்த வழக்குக் கைதிகளை விடவே கூடாது என்று கடைசிவரை போராடினார். இவர்களில் யாருடைய துக்கம் உசத்தி என்று நான் தராசு பிடிக்க மாட்டேன். நீதிமன்றமும் பிடிக்கக் கூடாது.

சினிமா ரசிகர், சங்கரன்கோவில்
கே: இந்த விஷயத்துல உருப்படியான தமிழ்ப் படம்?
ப: ‘விருமாண்டி’, 2004. கமல் மரண தண்டனைக்கு எதிராக எடுத்தார், ஜனங்கள் ஜல்லிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பேருந்து நடத்துநர், சங்கரன்கோவில்
கே: தூக்குல போடுறதுக்கு முன்னால கடைசி ஆசையா சங்கரன்கோவில் பிரியாணி கேக்கலாமா அண்ணாச்சி?
ப: ‘கடைசி ஆசை’ சினிமாக்காரர்கள் வளர்த்தது. உறவினரைப் பார்க்கலாம், உயில் எழுதலாம், மதச் சடங்கு செய்துகொள்ளலாம். கேட்டதெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு தூரம் சுற்றிப் போவானேன்? ட்ரிப் ஷீட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் போய்ச் சேருங்கள். அப்புறம் போனால் குஸ்கா.